உள்ளே மிதிக்கலாமா... வெளியே மிதிக்கலாமா?

நாற்பத்தைந்து வயது தாண்டிய ஆணுக்கு இரண்டே வகை மனிதர்கள்தான் அறிவுரை சொல்வார்கள். ஒன்று, டாக்டர். இரண்டு, டாக்டரைத் தவிர மற்ற அத்தனை பேரும்!

"காலையில நடங்க சார்" என்பார் பக்கத்து ஸீட்காரர். (அவர் முதல் மாடிக்கே லிஃப்ட் தேடுகிற ஆசாமி.) "நடந்தா முட்டி தேஞ்சிடும், நீந்துங்க" என்பார் இன்னொருவர். முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் ஆள் என்று தெரிந்துவிட்டால், எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்: "பேசாம சைக்கிள் ஓட்டுங்க!"

பிரச்னையே அங்கேதான் ஆரம்பம். எந்த சைக்கிள்? ரோட்டில் ஓடுகிற சைக்கிளா? எவ்வளவு மிதித்தாலும் ஹாலை விட்டு நகராத சைக்கிளா?

என் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வயசு 51. ஊர் மரக்காணம். உத்தியோகம் திண்டிவனத்தில். பஸ்ஸில் உட்காருகிறேன், ஆபீஸில் உட்காருகிறேன், வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் உட்காருகிறேன். போன வருஷம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. அது காலிங் பெல் அடிக்கறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்றார். என் அப்பா 56 வயசில் மார்வலி வந்து போனவர். அன்று ராத்திரி 56-லிருந்து 51-ஐக் கழித்துப் பார்த்தேன். சின்னக் கணக்குதான். ஆனால் தூக்கம் வரவில்லை.

வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் 'உள்ளே' கட்சி.

"அப்பா, ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரி போற கார்லாம் எப்படிப் பறக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நான் தவணைல ஒரு எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கித் தர்றேன். ரோட்டுக்கு மட்டும் போகாதீங்க."

மனைவி 'வெளியே' கட்சி.

"ஹால்ல அதை எங்கங்க வைக்கறது? ஒரு மாசம் மிதிப்பீங்க. அப்புறம் நான்தான் அதுல துண்டு காயப்போடணும். வெளிய போனா வரும்போது பாலாவது வாங்கிட்டு வரலாம்!"

கடைசியில் இரண்டும் வந்தன. ஹாலில் மகன் வாங்கித் தந்தது. தாழ்வாரத்தில் என் பழைய ஹெர்குலிஸ். ஆறு மாசமாக இரண்டையும் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

★

முதலில் ஒரு சரித்திரச் செய்தி. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் லோண்ட்ஸ் என்பவர் நின்ற இடத்திலேயே காலால் மிதித்துக் கையால் சுற்றும் உடற்பயிற்சி மெஷின் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிய வருஷம் 1796. சைக்கிளின் தாத்தாவான இரண்டு சக்கர வண்டியை ஜெர்மனியின் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிக் காட்டியது 1817-ல்தான். அதற்குப் பெடல்கூடக் கிடையாது. காலால் தரையை உந்த வேண்டும். ஆக, ஓடாத சைக்கிள்தான் அண்ணன், ஓடுகிற சைக்கிள் தம்பி! 'இதெல்லாம் இந்தக் காலத்து ஃபேஷன்' என்று யாராவது சொன்னால் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது சந்தேகம்: இந்த வயசுக்கு மேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது?

ஆகும். டென்மார்க்கில் 50 முதல் 65 வயசு வரை உள்ள ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சுமார் 20 வருஷம் கவனித்து, 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மாரடைப்பு குறைவு. அது எதிர்பார்த்ததுதான். ஆய்வின் நடுவே, அந்த வயசில் புதிதாக ஓட்ட ஆரம்பித்தவர்களுக்கும் ஆபத்து குறைந்திருந்ததுதான் என் போன்றவர்களின் வயிற்றில் பால் வார்த்த செய்தி.

இன்னும் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். பிரான்ஸ் நாட்டு ராபர்ட் மார்ஷான். அறுபது வயசுக்கு மேல்தான் மறுபடி சைக்கிளைக் கையில் எடுத்தார். 2012-ல், 100 வயசில், ஒரு மணி நேரத்தில் 24 கி.மீ-க்குச் சற்று அதிகமாக ஓட்டினார். 2014-ல், 102 வயசில், அதே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 27 கி.மீ! நூறு வயசுக்கு மேல் வேகம் கூடியிருக்கிறது. ரோட்டிலும் ஓட்டினார், வானிலை சரியில்லாத நாளில் வீட்டுக்குள்ளும் மிதித்தார். 2021-ல் 109 வயசில்தான் காலமானார்.

நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு. மு.க.ஸ்டாலின் முதலமைச்சராக இருந்தபோது 2021-ல், 68 வயசில், இதே ஈ.சி.ஆர்-ல் மாமல்லபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டிய படங்கள் வெளிவந்தன. அதே வருஷம் ஜிம்மில் உடற்பயிற்சி செய்கிற வீடியோவும் வந்தது. கட்சி எதுவானாலும் சரி, உள்ளே வெளியே இரண்டையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'எனக்கு சைக்கிளே தெரியாதே' என்கிறவர்களுக்குப் புதுக்கோட்டை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். புடவையோடு, ஊர் கேலி பேசப் பேச! பேண்ட் போட்ட நாம் கூச்சப்படலாமா?

★

சரி, உள்ளேயா வெளியேயா?

நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் சக்கரம் நகருகிறதா இல்லையா என்பது தெரியாது. தெரிவது ஒன்றுதான்: எவ்வளவு நேரம், எவ்வளவு கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு. அதாவது தினம் அரை மணி, வாரத்தில் அஞ்சு நாள். 'மிதமான' என்றால்? மிதிக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. முழுப்பாட்டு வந்தால் வேகம் போதாது. பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம்.

நேரக் கணக்கில் ஹால் சைக்கிளுக்குத்தான் ஜெயம். ரோட்டில் அரை மணி என்றால் இறக்கத்தில் சும்மா உருளுவது, தெரிந்தவரைப் பார்த்து நிற்பது, டீக்கடை... நிஜமாக மிதித்தது இருபது நிமிஷம்தான் தேறும். ஹாலில் அரை மணி என்றால் அரை மணி. நாய் துரத்தாது. பஞ்சர் கிடையாது. நெஞ்சில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் உடனே இறங்கலாம், கூப்பிட ஆள் இருக்கும். ஆரம்பகாலத்துக்கு இது பெரிய தைரியம்.

வெளியே கிடைப்பது வேறு. பேலன்ஸ் பிடிப்பது, வளைப்பது, பிரேக் போடுவது, கண்ணும் காதும் விழித்திருப்பது எல்லாமே வயசாக ஆகத் துருப்பிடிக்கிற சாமர்த்தியங்கள். ஹால் சைக்கிளில் தூங்கிக்கொண்டேகூட மிதிக்கலாம். அப்புறம், அலுப்பு! ஹாலில் பத்து நிமிஷம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும். மார்கழிக் காலையில் கழுவேலி ஏரிப் பக்கம் (2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, அதேதான்) பறவைகளைப் பார்த்தபடி ஓட்டினால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது.

மூன்றாவது விஷயம் வேர்வை. இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு உப்பளத்துப் பெரியவர். ஹாலில் மிதித்தால் தொப்பலாக நனைகிறேன், ரோட்டில் அவ்வளவு இல்லையே என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"காத்து நின்னுடுச்சுன்னா பாத்தியில உப்பு வெளையாது சார். வெயிலு மட்டும் போதாது, காத்தும் வேணும். ஒடம்பும் அப்படித்தான்."

அவ்வளவுதான் விஞ்ஞானம்! வேர்வை வழிவதால் உடம்பு குளிராது. அது ஆவியாகப் போனால்தான் குளிரும். ரோட்டில் நாம் போகிற வேகமே காற்று. ஹாலில் காற்று நிற்கிறது, வேர்வை சொட்டுகிறது, உடம்புச் சூடு ஏறுகிறது. அதுவும் கடலோரப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். எனவே ஹால் சைக்கிளுக்கு முன்னால் ஒரு ஃபேன் கட்டாயம். இது சொகுசு இல்லை, தேவை.

அதே பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "நாங்க பொழுது விடியறதுக்கு முன்னாடியே அளத்துல எறங்கிடுவோம். நீங்க இன்னாத்துக்கு சார் ஒம்பது மணி வெயில்ல சைக்கிள எடுத்துக்கினு வர்றீங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலையே குறைந்திருப்பதும் தெரியவந்தது. வெயிலோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஃபைலோடு வளர்ந்த நமக்கு?

★

ஆகவே என் தீர்ப்பு: கேள்வி 'உள்ளேயா, வெளியேயா' அல்ல, 'எப்போது உள்ளே, எப்போது வெளியே' என்பதுதான்.

மார்கழியிலிருந்து பங்குனி வரை வெளியே. நன்றாக விடிந்த பிறகு, ஈ.சி.ஆரை விட்டு ஒதுங்கின கிராமத்துச் சாலையில். தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு. எதிர்காற்றில் புறப்படுங்கள். வாடை வீசும் மாசங்களில் வடக்கே போய்த் திரும்புங்கள். சோழகக் காற்று என்றால் தெற்கே. களைத்துத் திரும்பும்போது காற்றே முதுகைத் தள்ளிவிடும்.

சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் முடிந்தால் வெளியே. இல்லாவிட்டால் ஃபேனுக்கு முன்னால் உள்ளே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தயங்காமல் உள்ளே. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணமே தண்ணீரில் நின்றது. அந்த மாதிரி நாளில் ரோட்டு சைக்கிள்காரருக்கு ஒரு வாரம் லீவு. ஒரு வாரம் பத்து நாளாகும், பத்து நாள் பொங்கல் வரை இழுக்கும். உப்பளத்துக்கு மழைக்கால லீவு உண்டு. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கு லீவு கிடையாது!

கொசுறாக நாலு வார்த்தை. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி சீட்டை உயர்த்துங்கள். பாதி முட்டிவலி அங்கேயே தீரும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் எலும்புக்கு அவ்வளவாக பலம் தராது. வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது என்று ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்று ஊர்க்காரர்கள் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், டாக்டரிடம் ஒரு தடவை நெஞ்சைக் காட்டிவிடுங்கள். மிதிக்கும்போது மாரில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் வீரம் வேண்டாம், நிறுத்துங்கள்.

ஆறு மாசத்தில் எனக்கு என்ன கிடைத்தது? பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. சர்க்கரை இன்னும் வாசலில்தான் நிற்கிறது. ஆனால் ஒரு படி இறங்கி நிற்கிறது என்கிறார் டாக்டர். 56-ஐ எப்படியும் தாண்டிவிடுவேன் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தினம் அரை மணி நான் எழுதிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

'எனக்கு இருபத்தெட்டுதானே' என்று பக்கத்தைப் புரட்டப்போகும் தம்பிகளே, ஒரு நிமிஷம். உங்கள் அப்பாவுக்கு என்ன வயசு? இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அவருடைய பழைய சைக்கிளுக்கு ஏர் அடித்து, பிரேக் கட்டையை மாற்றிக் கொடுங்கள். முடிந்தால் தவணையில் உள்ளே மிதிக்கவும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

துண்டு காயப்போட அம்மா வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்!