அறுபது கார்டில் ஒரு கட்டு

சிட்னியில் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில் பக்கம் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளின் பையில் போக்கிமான் கார்டுகள் இருந்தால், வெறும் படச் சேகரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 1996-இல் ஜப்பானில் வெளியான இருவர் ஆட்டம் அது. ஊரில் நாம் ஆடிய ட்ரம்ப் கார்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இங்கே கட்டை நாமே அமைக்க வேண்டும்.

கட்டுக்குச் சரியாக 60 கார்டு. ஒரே பெயரில் 4-க்கு மேல் கூடாது. தாக்குதலுக்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் விலக்கு. முதலில் கையில் எடுப்பது 7. அதில் நேரடியாகக் களமிறக்கக்கூடிய ஓர் அடிப்படை போக்கிமானாவது இல்லையென்றால், கலைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். புதியவர்கள் சறுக்குவது கட்டை அமைப்பதில்தான். பலசாலிப் போக்கிமான்களாக அடுக்கிவிட்டு, வேண்டிய கார்டைத் தேடித் தரும் ட்ரெய்னர் கார்டில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். பாதிக் கட்டு ட்ரெய்னராக இருந்தாலும் தப்பே இல்லை.

தொடக்கத்திலேயே பூஸ்டர் பாக்கெட்டுகளில் காசைக் கொட்ட வேண்டாம். உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். 60 கார்டோடு தயாராக விற்கும் கட்டு ஒன்று போதும். அண்ணன் அக்காவின் பழைய கார்டுகளை வைத்து வீட்டில் தாராளமாக ஆடலாம். போட்டிக்கென்றால் கார்டின் கீழ் மூலையில் உள்ள சிறு ஆங்கில எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிகளின் ஸ்டாண்டர்ட் பிரிவில் எந்த எழுத்துகள் செல்லும் என்பது அவ்வப்போது மாறும்.