போய்வந்த சிலிண்டருக்கு எவ்வளவு வரி?

பழைய பைக் வைத்திருப்பவர்களிடையே மதுரையிலும் சரி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலும் சரி, ஒரு பயம் ஊறிக் கிடக்கிறது. இன்ஜின் பாகம் ஒன்றைப் பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பினால், திரும்பி வரும்போது சுங்கத்துறை அதைப் புதுச் சாமானாகவே மதிப்பிட்டு முழு விலைக்கும் வரி போட்டுவிடும் என்பதுதான் அது. பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 20ஆம் பிரிவு, நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வரும் சரக்கையும் மற்ற இறக்குமதிச் சரக்கைப் போலவேதான் பார்க்கிறது. நம்முடைய பொருள்தானே என்ற உரிமைப் பேச்சு அங்கே எடுபடாது. ஆனால் அந்தக் கடுமையைத் தணிக்கும் விலக்கு ஒன்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. 1996 டிசம்பரில் வந்த அறிவிக்கையின் இடத்தில், ஜி.எஸ்.டி. தொடங்குவதற்கு முந்தைய நாளான 2017 ஜூன் 30 அன்று 45/2017 என்ற சுங்க அறிவிக்கை வந்தது. பழுதுபார்க்கப் போய்வந்த பொருளுக்கு அது வரி கேட்பது மூன்றின்மேல்தான்: பழுதுபார்த்த செலவு (அதற்கு உபயோகித்த பொருள்களின் விலையும் சேர்த்து), போகவர ஆன சரக்குக் கட்டணம், இன்சூரன்ஸ். சிலிண்டரின் விலை கணக்கிலேயே வராது. பிறகு ஏன் முழு வரி கட்டிய கதைகள் உலவுகின்றன? அந்த விலக்கு கிடைக்குமா கிடைக்காதா என்பது சாமான் புறப்படும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது, நாமோ திரும்பி வரும் நாளில்தான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறோம்.

வரிக் கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வியை முடித்துவிடலாம். லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்து ஒரு சாமான் எதற்குக் கடல் தாண்ட வேண்டும்? கேள்வி நியாயமானது. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொழில் தொடங்கிய ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகளைக் கரிவாயுவில் ஓட்டுவதற்கான கருவியை அந்த நிறுவனமே செய்து கொடுத்தது. இல்லாததை இருப்பதைக்கொண்டு சமாளிக்கிற அந்தக் கைப்பழக்கம் கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் இன்றும் இருக்கிறது. ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு 50 மில்லிமீட்டர் போர், அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு லைனர். தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸில் தொடங்கிப் படிப்படியாக ஒரு மில்லிமீட்டர் வரை போரிங் அடிக்கலாம், அதுவும் தீர்ந்தால் புது ஸ்லீவ் இறக்கலாம். 70 மில்லிமீட்டர் போர் உள்ள பழைய 350 சிசி புல்லட்டுக்கும் இதே வைத்தியம்தான். மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டியின் கிராங்கை பிரஸ்ஸில் பிரித்து, புதுக் கனெக்டிங் ராடு போட்டு, டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்துக் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. வார்ப்பு வேலை என்றால் கோயம்புத்தூர் ஒரு ராத்திரிப் பயணம்தான். இந்த வேலைகளுக்காக வெளிநாட்டைத் தேடுவது வெட்டிச் செலவு.

அனுப்ப வேண்டியவை வேறு வகை. லைனரே இல்லாமல் அலுமினியச் சுவரின்மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு போட்ட சிலிண்டர்கள் உண்டு. 1960களில் ஜெர்மனியின் மாலே நிறுவனம் நிக்காசில் என்ற பெயரில் கொண்டுவந்த நுட்பம் இது. அதில் போரிங் டூலை ஓட்டினால் பூச்சே போய்விடும். பழைய பூச்சை உரித்து, புதிதாகப் படியவைத்து, வைரத்தூள் கல்லால் ஹோனிங் செய்ய வேண்டும். தனி ஒரு ஆளின் ஒரே ஒரு சிலிண்டரை வாங்கி இதைச் செய்துதரும் கூடங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொழிலாகவே நடக்கின்றன. பிரிட்டிஷ் காலத்து பி.எஸ்.ஏ., முதல் தலைமுறை புல்லட் ஆகியவற்றின் லூகாஸ் மேக்னட்டோ இன்னொரு உதாரணம். அதன் ஆர்மேச்சருக்குள் கம்பிச் சுற்றோடு கண்டென்சரும் புதைந்திருக்கும், பழைய அரக்குப் பூச்சு சூட்டில் இளகும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்துச் சுற்றினால் பெஞ்சில் பொறி வரும், வண்டி சூடானதும் அணைந்துவிடும். இங்கிலாந்தில் இந்த வேலையை மட்டுமே செய்து பிழைக்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. ஆக, பத்துச் சாமானில் எட்டோ ஒன்பதோ ஊரிலேயே முடிந்துவிடும். மிச்சமுள்ள ஒன்றிரண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அறிவிக்கையில் உள்ள நிபந்தனைகள் குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் பொருள் திரும்ப வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பார்கள். உரிமையாளர் மாறியிருக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில், பார்சல் போனது மெக்கானிக் பெயரில், திரும்பி வந்தது மகன் பெயரில் என்று நம் குடும்பங்களில் சகஜமாக நடப்பது இங்கே சிக்கலாகிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, போனதும் வந்ததும் ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்பது. எதுவரை அது அதே பொருள்? உருக்கியோ மறுசுழற்சி செய்தோ மறுபடி வார்த்தோ திரும்பி வந்தால் அதே பொருள் அல்ல என்று அறிவிக்கையே சொல்லிவிடுகிறது. மதுரைக்காரர்களுக்கு இது புரிவது கடினமில்லை. குடமுழுக்குக்காகச் சுதைக்குப் புது வண்ணம் தீட்டினாலும் கோபுரம் அதே கோபுரம்தான். 2018 பிப்ரவரித் தீயில் சிதைந்த வீரவசந்தராயர் மண்டபத்துக்காகப் புதிதாகச் செதுக்கும் தூணை அதே தூண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதுப் பூச்சு போட்ட சிலிண்டர் முதல் வகை, உருக்கி வார்த்தது இரண்டாம் வகை. நடுவில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டறைகள் பலவற்றில் மாற்றுமுறை வழக்கம். உங்கள் மேக்னட்டோவை வாங்கி வைத்துக்கொண்டு, ஏற்கெனவே சரிசெய்து வைத்திருக்கும் வேறொன்றை உடனே அனுப்பிவிடுவார்கள். நேரம் மிச்சம், காசும் கொஞ்சம் குறையலாம். ஆனால் வந்தது உங்களுடையது அல்ல என்பதால் விலக்கும் இல்லை.

ரூபாயில் கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். வேலைக்கூலியும் பொருளும் 20,000, போகவரச் சரக்குக் கட்டணம் 8,000, இன்சூரன்ஸ் 1,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 29,000. அடிப்படைச் சுங்க வரி 15 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 4,350. அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி 435. இவை சேர்ந்த 33,785க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. சுமார் 6,081. (2025 செப்டம்பர் 22க்கு முன்பாக இருந்தால் அது பெரும்பாலான வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம்.) கட்ட வேண்டியது ஏறத்தாழ 10,870 ரூபாய். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் விலக்கு கிடைக்காமல், சரியான சிலிண்டரின் மதிப்பு 60,000 என்று அதிகாரி எழுதிவிட்டால் அதே விகிதங்களில் வரி 22,482 ஆகிறது. வேலை இலவசமாக நடந்தது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. செலவு உண்மையில் ஆனதோ இல்லையோ, நியாயமான பழுதுச் செலவு எவ்வளவோ அதுதான் மதிப்பு என்று அறிவிக்கை கூறுகிறது. பர்மிங்ஹாமில் இருக்கும் மைத்துனர் பாசத்துக்குச் செய்துகொடுத்தாலும் அந்தப் பாசத்துக்கு ஒரு கூலி போடப்படும்.

“தபாலில் போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள், பரிசுப்பொருள் என்று எழுதினால் போச்சு” என்பது அடுத்த வாதம். 2019 டிசம்பரிலேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். வரியில்லாப் பரிசாகத் தபாலிலோ கூரியரிலோ வரக்கூடியவை உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் மட்டுமே. மேக்னட்டோவை எந்தச் சகோதரியும் ராக்கியாகக் கட்ட முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. போனதற்குத் தாள் இல்லாத பழைய பாகம் திரும்பி வரும்போது, சுங்க அதிகாரியின் கண்ணுக்கு அது வெளிநாட்டில் வாங்கிய பழைய சாமான்தான். மூலதன இயந்திரம் அல்லாத பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்கு அனுமதி வேண்டும் என்கிறது வெளிநாட்டு வணிகக் கொள்கை. அனுமதி இல்லையென்றால் பறிமுதல், அதை மீட்க அபராதம் என்று போகும். வரியை மிச்சம் பிடிக்கப் போய்ச் சாமானையே இழக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. கூரியரில் அனுப்பினாலும், விலக்கு கோரும் சரக்கு இது என்று முன்கூட்டியே முகவரிடம் சொல்லி எழுதி வாங்காவிட்டால், அது மற்றப் பார்சல்களோடு சேர்ந்து சாதாரணப் பார்சலாகவே கணக்காகும்.

இந்த விதி நடைமுறையில் பெரிய இடத்துக்காரர்களுக்கு வாகாகத்தான் ஓடுகிறது. விமான நிறுவனங்கள் ஜெட் இன்ஜின்களையும் பாகங்களையும் வெளிநாட்டுக் கூடங்களுக்கு அனுப்பி வாங்குவது அன்றாட வேலை. பழுதுச் செலவின்மேல் ஐ.ஜி.எஸ்.டி.யும் வாங்கலாமா என்று இண்டிகோவை நடத்தும் இன்டர்குளோப் ஏவியேஷன் தொடுத்த வழக்கில், 2020 நவம்பரில் சுங்க வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வாங்கக் கூடாது என்றது. 2021 ஜூலையில் அரசு அறிவிக்கையைத் திருத்தி வாங்கலாம் என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்று தள்ளியது. பழுதுபார்த்தலை வெளிநாட்டுச் சேவையாகக் கருதி நிறுவனம் ஏற்கெனவே வரி கட்டியிருக்க, பொருளின் பெயரிலும் அதையே கேட்பது இரட்டை வரி என்பது அங்கே பேசப்பட்ட காரணம். பைக்காரர்கள் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்காகத் தனிநபர் பெறும் வெளிநாட்டுச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. அவர் முதல் வரியையே கட்டாதவர் என்பதால், இரட்டை வரி என்ற வாதம் அவர் கையில் நொண்டும்.

இந்தச் சலுகையை எளிதாக்கினால், ஓட்டைச் சாமானை அனுப்பிவிட்டுப் புதுச் சாமானைப் பழுதுபார்த்ததாகச் சொல்லிக் கொண்டுவருவார்களே என்று சுங்கத்துறை கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த ஏமாற்றைத் தடுப்பது போகும் நாளில் எடுக்கும் அடையாளம்தானே தவிர, சாமான் வரும் நாளில் காட்டும் சந்தேகம் அல்ல. தனிநபர் சொந்த உபயோகத்துக்கு அனுப்பி வாங்குவதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்கூடத் தேவையில்லை என்று விதி ஏற்கெனவே இறங்கிவந்திருக்கிறது. சிறு ஏற்றுமதியாளர்களுக்காக அஞ்சல் துறை நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் ஏற்றுமதி மையங்களைத் திறந்திருக்கிறது. அதே கவுண்டரில் ‘பழுதுபார்த்துத் திரும்ப’ என்று ஒற்றைப் பக்கப் படிவம் வைத்து, நாலு புகைப்படத்தையும் எடையையும் வார்ப்பு எண்ணையும் பதிந்து முத்திரை போட்டுக் கொடுத்தால் போதும். சுண்டக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலை மாறும். உண்மையைச் சொன்னவருக்கு ஒரு லாபமும் இல்லாத இடத்தில்தான் பரிசுப்பொருள் என்ற பொய் வளர்கிறது.

போய்ச் சேரும் நாட்டின் வரியையும் மறக்கக் கூடாது. 800 டாலருக்குக் கீழ்ப்பட்ட பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிந்துபோனது. பிரிட்டனில் வரும் பொருளுக்கு 20 சதவீத வாட் உண்டு. பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பத் தற்காலிகமாக வரும் பொருளுக்கு இரு நாடுகளிலும் தனி வழி இருக்கிறது. ஆனால் அதைக் கோர வேண்டியவர் அங்குள்ள பட்டறைக்காரர். அவரிடம் முன்பே பேசி, பார்சலின்மேல் என்ன எழுதுவது என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக அடையாளம். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண் கிராங்க் கேஸில் இருக்கும், சிலிண்டரிலோ மேக்னட்டோவிலோ இருக்காது. வார்ப்பு எண்ணோ அதே மாடல் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆகவே அனுப்பும் சாமானில் சொந்தக் குறி ஒன்றைப் பஞ்ச் அடிப்பது உத்தமம். இடம் பார்த்து அடிக்க வேண்டும். சிலிண்டரின் கேஸ்கட் உட்காரும் முகத்தில் அடித்தால் சமன்படுத்தும்போது அழிந்துவிடும், உள்சுவர் எப்படியும் உரிக்கப்படும். கீழ்ப் ஃபின்னுக்கு அடியில், ஸ்டட் துளைக்கு வெளியே தடிமனான சதை இருக்கும் இடத்தில் அடித்து, ஸ்கேலை ஒட்டிவைத்துப் படம் எடுத்து, அந்தப் படத்தில் உள்ள குறியையே ஷிப்பிங் பில்லில், அதாவது ஏற்றுமதித் தாளில், எழுதச் சொல்லலாம். பட்டறைக்காரரின் பில்லிலும் அதே குறி வர வேண்டும்.