தன்னைத் தானே படம் பிடிக்கும் பொருள்

வெளிச்சமே இல்லாமல் புகைப்படம் எடுக்க முடியுமா? முடியும் என்று 1896-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. பாரிஸ் நகரில் ஹென்றி பெக்கெரல் என்னும் விஞ்ஞானி, கறுப்புத் தாள் சுற்றிய புகைப்படத் தகட்டின் மேல் யுரேனிய உப்பை வைத்து மேஜை அறைக்குள் மூடி வைத்தார். இடையில் மெல்லிய செம்புச் சிலுவை ஒன்றும் இருந்தது. பிறகு தகட்டைக் கழுவிப் பார்த்தால், சிலுவையின் நிழல் அதில் விழுந்திருந்தது! யுரேனியத்திலிருந்து ஓயாமல் வெளிவரும் கதிர்களே அதற்குக் காரணம். அவற்றுள் பீட்டா கதிர் என்பது விரைந்து பாயும் எலக்ட்ரான்தான்.

ஒரு புது மருந்து ஈரலில் தங்குகிறதா, மூளையை எட்டுகிறதா என்று அறிய இக்கதிர் உதவுகிறது. மருந்தில் கதிரியக்க அணுக்களைச் சேர்த்து ஒரு விலங்குக்குக் கொடுப்பார்கள். பின்னர் அதன் திசுவை மெல்லிய சீவலாக்கிப் பிலிமின் மேல் வைத்தால், மருந்து இருக்கும் இடம் கறுக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பாஸ்பரஸ்-32 வெளியிடும் பீட்டா கதிர் தண்ணீரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வரை ஓடும். ஓடிய இடமெல்லாம் தடம் பதிப்பதால் படம் மங்கிவிடும். ட்ரிட்டியத்தின் கதிரோ பரம சாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்குக்கு மேல் நகராது. அதனால் படம் மிகத் தெளிவாக விழும். ஆனால் பொறுமை வேண்டும். 1963-இல் ஜான் கெய்ர்ன்ஸ், ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. இழை முழுவதையும் இப்படிப் படம் பிடித்தார். கண்ணுக்கே தெரியாத அந்தக் கிருமிக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீள இழை சுருண்டு கிடந்தது. அதைக் காண அவர் இரண்டு மாதங்கள் காத்திருந்தார்!

நோயாளிக்காக மருந்து தேடுவோருக்கு இரண்டு மாதம் நீண்ட காலம் அல்லவா? 1968-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் சார்பாக் வேறு வழி கண்டார். வாயு நிறைந்த பெட்டிக்குள் நெருக்கமாக மெல்லிய கம்பிகளைக் கட்டினார். எலக்ட்ரான் புகுந்தவுடனே அருகிலுள்ள கம்பி மின்துடிப்பால் அறிவித்துவிடும். 1992-இல் நோபல் பரிசு பெற்ற அவர், பிற்காலத்தில் இவ்வகைக் கருவிகளை மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் கொண்டுவர உழைத்தார்.

இன்று கம்பிகளுக்குப் பதில் சிலிக்கான் சில்லுகளும் வந்துள்ளன. செர்னில் உருவான டைம்பிக்ஸ் சில்லில் 65,536 கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 55 மைக்ரான் அகலம். இது எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணும். ஆனால் நம் சாதுவான ட்ரிட்டியக் கதிர், சில்லின் மேல்தோலைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும்பாலும் களைத்துவிடுகிறது. அதனால் உயிரணுவுக்குள்ளே எட்டிப் பார்க்க விரும்புவோர், இன்றும் இருட்டறைக்குள் சென்று பழைய வெள்ளி உப்புப் பூச்சையே பூசிக் காத்திருக்கிறார்கள்.