பல் மருத்துவ ரெசிடென்சி: நீங்கள் பார்க்காத கடிதம் எதற்காக?

பல் மருத்துவம் படிச்சு முடிச்சாச்சு. அடுத்து அமெரிக்காவில் பல் சீரமைப்பு, வாய்-தாடை அறுவைச் சிகிச்சை போன்ற துறைகளில் ரெசிடென்சி எனும் சிறப்புப் பயிற்சிக்குப் போகலாமா என்று யோசிக்கிறீர்களா?

மதிப்பெண், சான்றிதழ், உங்களைப் பற்றிய கட்டுரை எல்லாம் உங்கள் கையில். பரிந்துரைக் கடிதம் மட்டும் அடுத்தவர் கையில்.

அது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். முன்பைவிட இப்போது கூடுதலாக.

அமெரிக்கப் பல் மருத்துவ மாணவர்கள் எழுதும் தேசிய வாரியத் தேர்வின் மதிப்பெண், ஒரு காலத்தில் விண்ணப்பங்களைச் சலிக்கும் சல்லடையாக இருந்தது. 2012ஆம் ஆண்டு முதல், தேர்ச்சி பெற்றவர்களுக்கு மதிப்பெண் தருவதில்லை. 2020இல் அறிமுகமான ஐஎன்பிடிஇ தேர்விலும் அதே கதை. தேர்ச்சியா, இல்லையா, அவ்வளவுதான்.

ஏடிஏடி என்ற தனித் தேர்வு 2016இல் வந்தது. ஆனால் எல்லாப் பயிற்சித் திட்டங்களும் அதைக் கேட்பதில்லை. சில கல்லூரிகள் மாணவர்களைத் தரவரிசைப்படுத்துவதும் இல்லை. அப்போ, தாளில் ஒரே மாதிரி தெரியும் இருவரில் யாரை நேர்முகத்துக்குக் கூப்பிடுவது? அங்கேதான் கடிதம் பேசுகிறது.

அதோடு, பல் மருத்துவம் கை வேலை. ஊசியைப் பார்த்தாலே நடுங்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? தப்பு நடந்தால் ஒத்துக்கொள்கிறீர்களா? இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

யார் எழுத வேண்டும்?

பெரும்பாலான விண்ணப்பங்கள், அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் 'பாஸ்' எனும் இணையச் சேவை வழியாகப் போகின்றன. கல்லூரி முதல்வரின் மதிப்பீடு ஒன்று. அதுபோக நான்கு பேர் வரை எழுதலாம். அந்தந்தத் துறையின் சிறப்பு மருத்துவர் ஒருவர் எழுத வேண்டும் என்று சில திட்டங்கள் கேட்கும். வெளிநாட்டில் படித்தவர்களை எல்லாத் திட்டங்களும் சேர்த்துக்கொள்வதில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

பலரும் செய்யும் தவறு, பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி ஓடுவது. உங்கள் பெயரையே பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் துறைத் தலைவர் என்ன எழுதுவார்? "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எல்லாரிடமும் அன்பாகப் பழகுவார்." இதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாமே!

இப்போது இதைப் படியுங்கள்: "பொருத்திய கிரவுன் சரியாகத்தான் இருப்பதாக எனக்குப் பட்டது. இவருக்குத் திருப்தி இல்லை. நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி அச்சு எடுத்தார்." நாம் சும்மா எழுதிப் பார்த்த வரிகள்தான். ஆனால் ஒரு ஆள் கண்முன் நிற்கிறார், இல்லையா? கிளினிக்கில் உங்களோடு மாதக்கணக்கில் நின்ற இளம் விரிவுரையாளரால் இப்படி எழுத முடியும்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்தில். நம்ம ஆசிரியர்கள் பலர் பாராட்டை அளந்துதான் கொடுப்பார்கள். "திருப்திகரமாகச் செய்தார்" என்பது அவர்களுக்கு நல்ல சொல். அமெரிக்கக் கடிதங்களில் புகழ்ச்சி தாராளமாக இருக்கும். அவற்றுக்கு நடுவில் இந்தச் சொல்லைப் படிப்பவர், 'ஏதோ குறை இருக்குபோல' என்று நினைத்துவிடலாம். இதை முன்கூட்டியே உங்கள் ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லிவைப்பதில் தப்பே இல்லை.

நான் படித்துப் பார்க்கலாமா?

கடிதத்தை எழுதுபவரே நேராகப் பதிவேற்றுவார். அமெரிக்கக் கல்வி நிலையத்தில் சேர்ந்த பிறகு, உங்களைப் பற்றிய ஆவணங்களைப் பார்க்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் விண்ணப்பிக்கும்போதே அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். பெரும்பாலோர் 'ஆமாம்' என்றே சொல்கிறார்கள். மாணவர் பார்க்கக்கூடிய கடிதத்தில் எழுதியவர் மனம் திறந்திருப்பாரா என்ற சந்தேகம் வரும் என்பதே காரணம்.

ஆக, அரைமனதோடு ஒருவர் எழுதியிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நேர்முகத்துக்கு அழைப்பு வராது, அவ்வளவுதான். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதனால் "கடிதம் தருவீங்களா சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கு வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என் வேலையைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், "பரவாயில்லை சார்" என்று நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அந்தத் தயக்கம் உங்களைக் காப்பாற்றிவிட்டது.

"நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுறேன்" என்கிறாரா? வேண்டாம். உங்கள் கட்டுரையும் அந்தக் கடிதமும் ஒரே குரலில் பேசினால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நேர்மையும் அல்ல. பதிலாக, அவரோடு சேர்ந்து பார்த்த சிகிச்சைகளில் நாலைந்தைக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். அவருக்கு ஞாபகம் வரும்.

'பாஸ்' விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் திறக்கும். கடைசி நாள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒன்றரை, இரண்டு மாதமாவது அவகாசம் கொடுத்துக் கேளுங்கள். கடிதம் வந்து சேர்ந்ததா என்பதை உங்கள் கணக்கில் பார்க்கலாம். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதும் வரவில்லையா? கூச்சப்படாமல் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். அவருக்கும் வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருப்பார்கள், மறந்திருப்பார்.