ஆண் கொசுவும் கடித்ததா?

பெண் கொசுதான் கடிக்கும் என்று பள்ளிப் பாடமே சொல்லித்தருகிறது. முட்டை உருவாகப் புரதம் வேண்டும். அதற்காகவே அது ரத்தம் தேடி அலைகிறது. ஆண் கொசுவுக்குப் பூந்தேனும் செடிச்சாறும் போதும். தோலைத் துளைக்கும் கருவியே அதன் வாயில் இல்லை.

லெபனானின் ஹம்மானா ஊருக்கு அருகே கிடைத்த இரண்டு கொசுக்களின் வாயில் அது இருக்கிறது. இரண்டுமே ஆண்.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை மரப்பிசினில் சிக்கின. காற்றும் கிருமியும் புகாதபடி பிசின் மூடிக்கொண்டது. மண்ணில் புதைந்து, எளிதில் ஆவியாகும் பொருள்களை இழந்து, மெல்ல இறுகி அம்பர் ஆனது. பாறையில் பதியும் பூச்சி பெரும்பாலும் நசுங்கித் தட்டையாகிவிடும். அம்பரிலோ மயிரிழைகூடக் கலையாமல் நிற்கும். அதனால்தான் டேனி அஸார், ஆந்த்ரே நெல் உள்ளிட்ட ஆய்வாளர்களால் அந்தக் குட்டி வாயை நுணுகிப் பார்க்க முடிந்தது. கூரான முக்கோண வடிவத் தாடைகள். அவற்றோடு சிறு பற்கள் வரிசையாக அமைந்த நீண்ட உறுப்புகள். 2023 டிசம்பரில் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் இந்த இனத்துக்கு லிபனோகியூலெக்ஸ் இண்டர்மீடியஸ் என்று பெயர் சூட்டினார்கள்.

கொசுவும் ஈ வகைதான். பறப்பதற்கு ஒரே ஜோடி இறகு. பின்னிறகுகள் குண்டூசித் தலைபோலச் சுருங்கி, பறக்கும்போது உடலை நிலைப்படுத்துகின்றன. இந்தப் பெருங்குலத்தில் ஆண் ரத்தம் குடிப்பது புதுமையும் அல்ல. ஆப்பிரிக்காவின் செட்சி ஈயில் ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடித்துத்தான் வாழ்கின்றன.

ஆகவே ஆய்வாளர்களின் ஊகம் இது: ஆதியில் இரு பாலுமே ரத்தம் குடித்திருக்கலாம், ஆண் பிறகு அதைக் கைவிட்டிருக்கலாம். லெபனான் அம்பர் உருவான காலத்தில்தான் பூக்கும் தாவரங்கள் பரவத் தொடங்கின. பூ வந்ததும் ஆணுக்குத் தேனே போதுமானதாகியிருக்கக்கூடும். இது வாயின் அமைப்பைக் கொண்டு எட்டிய முடிவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் செடிச்சாறு மட்டுமே குடிக்கும் பூச்சிக்கு இத்தனை கூர்மை எதற்கு என்ற கேள்விக்கு வலு இருக்கிறது.

இதற்கு முன் கிடைத்த மிகப் பழைய கொசுக்கள் மியான்மர் அம்பரில் இருந்தவை. வயது சுமார் 9.9 கோடி ஆண்டுகள். லெபனான் கொசு அந்த வரலாற்றை 3 கோடி ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோகிறது. மரபணுக் கணக்கோ கொசுவின் தொடக்கத்தை இன்னும் பழைய ஜுராசிக் காலத்தில் வைக்கிறது. அவ்வளவு பழைய அம்பரில் பூச்சி கிடைப்பது மிக அரிது என்பதால், அந்த மூதாதையைத் தேடுவோர் பாறைப் படிவங்களையும் துழாவ வேண்டியிருக்கிறது.