உயர்கல்வி விண்ணப்பமும் பெற்றோரும்

இரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் 'பெரட்டு' என்றொரு வழக்கம் இருந்தது. இருள் பிரியுமுன் தொழிலாளர் அனைவரும் களத்தில் கூடுவர். பெயர்கள் வரிசையாக அழைக்கப்படும். அழைக்கும்போது அங்கே நிற்பவர்க்கே அன்றைய வேலை. எத்துணைத் தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளியாயினும், பெரட்டு கலைந்தபின் வந்தால் அன்று அவர் பெயர் ஏறாது. இதனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாய்தந்தையர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அவர்தம் மகனோ மகளோ எஸ்.பி.எம். தேர்வெழுதிய பின்பு சேரவேண்டிய கல்லூரிக்கும் ஒரு பெரட்டு உண்டு. அதுவும் ஒன்றன்று, பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு களத்தில் நடைபெறுகிறது. இவ்வுண்மையை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

புள்ளி குறைந்ததால் இடம் கிடைக்காமற்போவது ஒன்று. புள்ளி இருந்தும் விண்ணப்பம் போய்ச் சேராததால் இடம் கிடைக்காமற்போவது மற்றொன்று. இரண்டும் வீட்டில் ஒரே துயரமாகவே வந்து விழுகின்றன. "நம் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை" என்று பெற்றோர் மனம் நொந்து, பிள்ளையைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிவிடுகின்றனர். கேட்டு மறுக்கப்பட்டதா, கேட்கப்படவே இல்லையா என்பது அவ்வீட்டில் எவர்க்கும் தெரிவதில்லை. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் அறிவைப் பெற்றோர்க்கு ஊட்டுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

காகிதப் பழக்கம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே இலாகாவிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணிபுரிந்த குடும்பங்கள் பல வாழ்ந்தன. அவ்வீடுகளில் கடிதமும் பாரமும் அன்றாடப் பொருள்கள். தகப்பனார் பாரம் நிரப்புவதைப் பார்த்தே பிள்ளை வளர்ந்தது. கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களின் நிலை வேறு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்தும் பொறுப்பை நிருவாகத்தின்மீது சுமத்தியது. ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்கு அப்பாலுள்ள கல்விக்கு விண்ணப்பிக்கும் பழக்கம் லயத்து வீடுகளுக்கு வர வழியில்லாமற் போயிற்று. ஆகவே இவ்விரு சாராரிடையே அறிவில் ஏற்றத்தாழ்வு இல்லை. காகிதத்தோடு பழகிய காலத்தின் அளவே வேறுபட்டது.

இன்று அத்தோட்டங்களிற் பல மறைந்துவிட்டன. சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஷா ஆலம் நகரத்தின் நடுவே, பெயரில் மட்டும் தோட்டத்தைத் தாங்கி நிற்கிறது. லயத்தில் வாழ்ந்தோர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, லாரி ஓட்டுநராகவும் காவலராகவும் துறைமுகத் தொழிலாளராகவும் உழைக்கின்றனர். தொழில் மாறியது, காகிதப் பழக்கம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. அதன்மேல், முன்பு கையில் வந்த பாரமும் இப்போது வருவதில்லை. பிள்ளையின் கைப்பேசிக்குள்ளேயே அனைத்தும் நடந்து முடிகின்றன. பெற்றோர் பார்க்கவும் இயலாத இடத்தில், பதினேழு வயதுப் பிள்ளை தனியே இருந்து தன் வாழ்நாள் முழுமைக்குமான முடிவைச் செய்கிறது.

களங்கள் எத்தனை?

பெற்றோர் முதலில் அறியவேண்டுவது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே விண்ணப்பம் என்று ஒன்று இருந்ததில்லை என்பதே. 2024, 2025-ஆம் ஆண்டுகளின் நடைமுறையை எடுத்துக்கொண்டால், எஸ்.பி.எம். முடித்தவர்க்கு முன் நின்ற முக்கிய வழிகள் வருமாறு:

முதலாவது, 'யூ.பி.யூ.' என்று மக்கள் அழைக்கும் பொது விண்ணப்பம். நாட்டின் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் டிப்ளோமா, அடிப்படைக் கல்வி வகுப்புகள், பாலிடெக்னிக்குகள், சமூகக் கல்லூரிகள் ஆகியவை இதில் அடங்கும். ஷா ஆலத்திலுள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா பாலிடெக்னிக் போன்றவற்றில் சேர விரும்புவோரும் இவ்வழியே செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, மெட்ரிகுலேஷன். இது கல்வி அமைச்சைச் சார்ந்தது. இதற்குத் தனி விண்ணப்பம். யூ.பி.யூ.வில் விண்ணப்பித்ததால் இதற்கும் விண்ணப்பித்தாயிற்று என்று கருதுவது பெருந்தவறு. சிலாங்கூரில் இதற்குரிய கல்லூரி பந்திங்கில் இருக்கிறது. இங்குள்ள இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்க்கும், 10 விழுக்காடு ஏனையோர்க்கும் ஒதுக்கப்பட்டன. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் இவ்விகிதம் மாறவில்லை. 10 'ஏ' அல்லது அதற்குமேல் பெற்ற அனைத்து இன மாணவர்க்கும் இடம் தரப்படும் என 2024 ஜூன் திங்களில் பிரதமர் அறிவித்தார். அந்த 'ஏ'க்களுள் எவை கணக்கில் சேரும் என்பதை அவ்வவ்வாண்டின் அறிவிப்பில் பார்த்துத் தெளிதல் நலம். இவ்வாசல் குறுகியதாதலின், இதனை மட்டும் நம்பி ஏனையவற்றைக் கைவிடலாகாது.

மூன்றாவது, ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டில் மூன்று தவணைகளாகப் படித்து எஸ்.டி.பி.எம். தேர்வெழுதுவது. செலவு குறைவு, பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு உரிய தகுதி, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்பது, தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். "மறுபடியும் பள்ளிக்கூடமா?" என்று இதனை இகழ்ந்து ஒதுக்கும் வீடுகள் பல. கடினமான வழிதான், ஆயினும் பலருக்கு நம்பத்தக்க வழியும் இதுவே.

நான்காவது, ஆசிரியர் கல்விக் கழகங்களின் பட்டப்படிப்பு. இதற்கும் தனி விண்ணப்பம். ஐந்து பாடங்களிலேனும் சிறப்புத் தேர்ச்சி வேண்டும். நேர்முகத் தேர்வும் உண்டு. எஸ்.பி.எம்.மில் தமிழை எழுதாது விட்ட மாணவர், பின்னாளில் தமிழாசிரியர் ஆக விரும்பினால் வருந்த நேரிடும். ஆகவே 'தமிழ் வேண்டா' என்று நான்காம் படிவத்தில் எடுக்கும் முடிவு, அன்றே ஒரு வாசலை அடைத்துவிடுகிறது என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

இவையன்றித் தொழிற்பயிற்சிக் கழகங்களும், கெடாவில் 2001-இல் தோன்றிய ஏய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களும் உள்ளன.

நாளும் வரிசையும்

"முடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பது வீடுகளில் வழங்கும் சொல். தேர்வு முடிவு வெளிவருமுன்னரே விண்ணப்பம் திறக்கப்பட்டு, முடிவு வந்தபின் திருத்திக்கொள்ளச் சில நாளே தரப்படுவதும் உண்டு. மேலும், நாள் ஆண்டுதோறும் மாறும். ஓர் ஆண்டில் எஸ்.பி.எம். முடிவு 2024 மே 27-இல் வந்தது. அடுத்தது 2025 ஏப்ரல் 24-இலேயே வந்துவிட்டது. ஆதலின் அண்ணன் விண்ணப்பித்த நாளை நினைவில் வைத்துத் தங்கைக்குக் காத்திருத்தல் கூடாது.

யூ.பி.யூ. விண்ணப்பத்தில் 12 படிப்புகள் வரை வரிசைப்படுத்தலாம். ஆனால் ஒருவர்க்குக் கிடைப்பது ஓர் இடமே. பன்னிரண்டையும் மருத்துவம், பொறியியல் என்று ஒரே உயரத்தில் அடுக்கும் மாணவர் ஒன்றும் பெறாது போகலாம். மேலே விரும்பியவை, நடுவில் புள்ளிக்கு ஏற்றவை, கீழே உறுதியாகக் கிடைக்கக்கூடியவை என்று அமைப்பது அறிவுடைமை. ஒவ்வொரு படிப்புக்குமுரிய தகுதியை முன்னரே படித்து, தமக்குப் பொருந்தாதவற்றை நீக்குவதும் இன்றியமையாதது.

அடுத்து, புள்ளிக் கணக்கு. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. "பந்து விளையாடியது போதும், புத்தகத்தை எடு" என்று சாரணர் இயக்கத்தினின்றும் விளையாட்டுக் கழகத்தினின்றும் பிள்ளையை நிறுத்திவிடும் பெற்றோர், அன்பினால் செய்யும் அச்செயலால் பிள்ளையின் புள்ளியையே குறைத்துவிடுகின்றனர். ஓரிரு புள்ளியில் இடம் கைமாறும் படிப்புகளில் இப்பத்து பெரிதாகும்.

இறுதியாக, ஏற்றுக்கொள்ளுதல். இடம் கிடைத்தது என்ற செய்தி வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. குறித்த நாளுக்குள் 'ஏற்கிறேன்' என்று பதில் தருதல் வேண்டும். தவறினால் இடம் போய்விடும். கிடைக்காதவர்க்கு மேல்முறையீடு செய்யும் வாய்ப்பும் சில நாளே திறந்திருக்கும். விண்ணப்பத்தில் வரும் மலாய்ச் சொற்களில் நான்கினைப் பெற்றோர் அறிந்துகொண்டாற் போதும்: 'பெர்மோஹோனான்' என்பது விண்ணப்பம், 'தவாரான்' என்பது அளிக்கப்படும் இடம், 'தெரிமா' என்பது ஏற்றல், 'ராயுவான்' என்பது மேல்முறையீடு. 'தெரிமா காசி' என்று நாள்தோறும் கடையில் சொல்பவர்க்கு மூன்றாவது சொல் புதிதன்று.

பத்திரமும் பணமும்

அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பம் குடிமக்களுக்கே உரியது. சிவப்பு அடையாள அட்டையோடு ஐந்தாம் படிவத்தை எட்டிய பின்னர் விழித்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதே பிறப்புப் பத்திரம், பெயரின் எழுத்துகள், குடியுரிமை ஆகியவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். அவ்வயதில் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் இருப்பதால், இது தமிழ்ப்பள்ளியின் வேலையும் ஆகும்.

பணத்தைப் பொறுத்தவரை, "வசதியில்லை" என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர் உளர். 1997-இல் அமைக்கப்பட்ட உயர்கல்வி நிதிக் கழகம் (பி.டி.பி.டி.என்.) கடன் வழங்குகிறது. அதன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு ஒன்று முன்னரே திறந்திருத்தல் வேண்டும். இது திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் என்பதை மறைக்காமற் கூறவேண்டும். பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறியவர்க்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திருப்பிச் செலுத்துவதினின்றும் விலக்கு உண்டு என்பதையும் கூறவேண்டும். தனியார் கல்லூரி எதுவாயினும், அப்படிப்பு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்று வினவாது முன்பணம் கட்டலாகாது. "அரசாங்க இடம் வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புதல் நன்று.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

"பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டு ஐந்தாண்டு ஆயிற்றே, இடைநிலைப்பள்ளி ஆசிரியரன்றோ இதனைச் செய்யவேண்டும்?" என்று ஒரு வினா எழலாம். இடைநிலைப்பள்ளி ஆசிரியர் மாணவர்க்குச் சொல்கிறார். அது பெற்றோர் செவிக்கு எட்டுவதில்லை. தாய் தயக்கமின்றி வாசற்படி ஏறும் பள்ளி ஒன்றே, அது தமிழ்ப்பள்ளி. அவர் தமிழில் வாய்திறந்து கேட்கக்கூடிய படித்தவரும் பெரும்பாலும் தமிழாசிரியரே.

ஆறாம் ஆண்டு முடித்துச் சென்ற மாணவர் ஐந்தாண்டில் எஸ்.பி.எம். எழுதுவர், புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தவர் ஆறாண்டில் எழுதுவர். பள்ளியின் பழைய பதிவேட்டைப் புரட்டினால் இவ்வாண்டு தேர்வெழுதுவோர் பெயர்கள் கிடைத்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு அவர்தம் பெற்றோரை ஒரு ஞாயிறு மாலை பள்ளி மண்டபத்திற்கு அழைக்கலாம். சொற்பொழிவு வேண்டா. ஒரே தாளில், தமிழில், எந்தக் களம், எந்த நாள், என்ன பத்திரம் என்று மூன்று வரிசை எழுதிக் கொடுத்து, நாள்களை மட்டும் அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்து நிரப்பச் செய்தல் போதும். அத்தாள் வீட்டுச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குமாயின், "இன்று விண்ணப்பித்தாயா?" என்று தாயே கேட்பார். சென்ற ஆண்டு இடம் பெற்ற பழைய மாணவர் இருவரை அழைத்து, விண்ணப்பம் செய்யும் முறையைப் பெற்றோர் கண்முன்னே காட்டச் செய்வதும் பயன்தரும்.

சமுதாயம் தானே முயன்று கல்விக்கு வழிகோலுவது நமக்குப் புதிதன்று. 1982-இல் டாக்டர் தம்பிராஜாவும் பிறரும் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் பணியைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதற்கு அப்பாலும் செய்து வந்துள்ளது. அதற்கும் முன்னர், 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் அமைந்த இந்திய ஆய்வியல் துறையின் தமிழ் நூலகத்திற்காகக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். எளிய தொழிலாளரும் மனமுவந்து கொடுத்தனர். தாம் ஒருநாளும் நுழையப்போவதில்லை என்று அறிந்தே ஒரு பல்கலைக்கழகத்திற்கு நூல் வாங்கித் தந்தவர்கள் அவர்கள்.

அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே பல்கலைக்கழகத்தின் வாசலை, நாள் தெரியாத காரணத்தால் தவறவிடுதல் தகாது. இடங்கள் குறைவு என்பதும், ஒதுக்கீட்டு முறை உண்டு என்பதும் மெய்யே. அவை பற்றிப் பேசவேண்டிய இடங்களில் பேசுவோர் பேசட்டும். கேளாமற்போன இடத்திற்காக மட்டும் எவ்வீடும் வருந்தாதிருக்கச் செய்தல், ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் செலவிட்டால் ஆகக்கூடிய காரியம். அதனைத் தேர்வு முடிவுக்குப் பின்னர் அன்று, அடுத்த பள்ளித் தவணையிலேயே தொடங்குதல் வேண்டும்.