பதின்மூன்றாவது மாதம்

"மாசம்னா முப்பது நாளுதானே தம்பி? அதுக்குள்ள எப்படித் தீந்துச்சு?"

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ரீசார்ஜ் கடையில் ஒரு பாட்டி கேட்டார். கையில் பட்டன் போன். அதன் முதுகில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் தேதி எழுதியிருந்தது. பழைய தேதிகளை அடித்துவிட்டு அடுத்ததைக் கீழே எழுதித் தருவது கடைக்காரரின் வழக்கம்.

"இருபத்தெட்டு நாளுதான் பாட்டி. எல்லா மாசமும் பிப்ரவரின்னு வச்சுக்கங்க."

365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வரும். சம்பளமும் வாடகையும் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை என்றால், போனுக்கு மட்டும் பதின்மூன்று. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் கட்டாயம் வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஆனால் கடை வாசல் போஸ்டரில் பெரிய எழுத்து இன்றும் 28-க்குத்தான்.

இந்தியாவில் இன்டர்நெட் என்றால் காற்றில் வருவதுதான். 2024 ஜூன் கணக்குப்படி இணைய இணைப்புகள் ஏறக்குறைய 97 கோடி. அதில் கம்பி வழி வருவது 4 கோடிச் சொச்சம். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன் மொத்தமே 25 கோடி. அப்போது ஒரு ஜிபியின் சராசரி விலை 269 ரூபாய் என்கிறது அரசுக் கணக்கு. இப்போது பத்து ரூபாய்க்கும் கீழே.

நடுவில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது; அடுத்த மார்ச் வரை எல்லாம் இலவசம். கைரேகை வைத்தால் சிம். 170 நாளில் பத்து கோடிப் பேர். அதுவரை நெட்டை ஆன் செய்து, மெசேஜ் பார்த்த கையோடு ஆஃப் செய்யும் பழக்கம் நமக்கு இருந்தது. அந்தப் பழக்கம் போன இடம் தெரியவில்லை. இந்த விலைப்போரில் விழுந்தவற்றுள் தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல்லும் ஒன்று. 2018 பிப்ரவரியில் சிக்னல் செத்து, நம்பரை மாற்றிக்கொள்ள ஊர் ஊராக மக்கள் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் இருந்த சந்தையில் மிஞ்சியது மூன்று தனியார், கூட பிஎஸ்என்எல். 2024 ஜூலையில் அந்த மூன்று தனியாரும் இரண்டே நாளில் அடுத்தடுத்து விலையை ஏற்றியதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

விலை ஏறியதைவிட எனக்கு உறுத்துவது விற்கிற முறை. 'தினம் 1.5 ஜிபி' என்பது சாஷே வியாபாரம். பாட்டிலில் வாங்க முடியாதவர்களுக்காக ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டிய முன்னோடி கடலூர் சின்னிகிருஷ்ணன். ஆனால் அந்தப் பாக்கெட்டில் பாதி மிஞ்சினால் வாயை மடித்துக் குளியலறை ஜன்னல் கம்பியில் செருகி வைக்கலாம், நாளைக்கு ஆகும். டேட்டாவை எங்கே செருகுவது? ராத்திரி பன்னிரண்டு அடித்தால் மிச்சம் போச்சு. முந்தியே தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். தொலைபேசி ஒயரில் மோடம் கீச்சிட்ட காலத்து வேகம் அது. போனில் நெட் பார்க்கும் இந்தியர் ஒருவர் 2024-ல் மாதம் சராசரியாகச் செலவழித்தது 20 ஜிபிக்குச் சற்று மேல். அந்தச் சராசரிக்காரர் தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருந்தால், காசு கொடுத்த 42 ஜிபியில் பாதி அவர் தூங்கும்போது காணாமல் போயிருக்கும்.

சரி, அவராவது பாதியைப் பார்த்தார். பாட்டியின் கணக்கு வேறு. 2024 ஜூலை விலையில் ஏர்டெல்லின் 349 ரூபாய் பேக்கில் 42 ஜிபி. ஜிபிக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம். 199 ரூபாய் பேக்கில் அழைப்பு போக மொத்தமே 2 ஜிபி. பாட்டி போடுவது இந்த 199. அவர் போனில் நெட்டே வராது. அவருக்கு வேண்டியது திருப்பூரில் இருக்கும் மகளின் அழைப்பும், கேஸ் சிலிண்டருக்கான ஓடிபியும். ஒரு காலத்தில் பத்து ரூபாய் டாப்-அப் போட்டு, மிஸ்டு கால் கொடுத்தே வருஷத்தை ஓட்டியவர். இப்போது ஒருவரோடும் பேசாவிட்டாலும், நம்பர் உயிரோடிருக்க நாள் வாங்க வேண்டியிருக்கிறது.

இதற்கும் டிராய் ஒரு வழி சொன்னது. 2024 டிசம்பரில் வந்த விதியின்படி, நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தனியே விற்க வேண்டும். அடுத்த மாதமே வந்தன: 84 நாளைக்கு ஒன்று, 365 நாளைக்கு ஒன்று. கணக்குப் போட்டால் பாட்டிக்கு இதுதான் மலிவு. கடைக்காரரும் நல்லவர், சொல்லிப் பார்த்தார்.

"நெட் இல்லாத பேக் இருக்கு பாட்டி. எம்பத்துநாலு நாளு. நானூத்திச் சொச்சம் ஆகும்."

"மொத்தமா அவ்வளவு ஏது தம்பி? நூறுநாள் வேலைக் காசு இன்னும் ஏறல."

சுருக்குப்பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள் வந்தது. கடைக்காரர் நம்பரைத் தட்டினார், மெசேஜ் வந்ததும் பிளாஸ்திரியில் இருந்த தேதியை அடித்தார். கீழே எழுத இடமில்லை. அதை உரித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். மீதி ஒரு ரூபாய்க்குச் சில்லறை இல்லாமல் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.